பதினேழாவது வரி

அம்பத்தூர் எஸ்டேட், சங்கக் கட்டடம், முதல் மாடி.
இரண்டு ஏசியில் ஒன்றுதான் மூச்சுவிடுகிறது.
‘வலர்ந்த கதை’ என்று அச்சாகி வந்த பேனரில்
யாரோ மார்க்கரால் ஒரு சுழி போட்டு
ல-வை ள ஆக்கியிருக்கிறார்கள்.

நான் நாலாவது வரிசை, ஓரம்.
மேடையில் இருக்கும் மூவருக்கும் கணக்கு எழுதுகிறவள்.
இவர்கள் சொல்லப்போகும் கதையை
மாதாமாதம் இருபதாம் தேதிக்குள்
அரசாங்கத்துக்கு நான் சொல்லியாயிற்று.

முதலில் மெஹ்ருன்னிசா, அட்டைப்பெட்டி.
“ஒரு லட்சத்துல ஆரம்பிச்சேன், யார்கிட்டயும் கை நீட்டல.”
கைதட்டல்.
என் ஏட்டில் அது ‘முதல், ரொக்கம்’.
அந்த ரொக்கம் வந்த நாளில்
அவர் கழுத்து வெறுமையாக இருந்ததை
எந்தத் தலைப்பில் எழுதுவதென்று
எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அடுத்து பிரணவ், ஓஎம்ஆர்,
வீட்டுக்கு வீடு மாவு கொண்டுபோகும் செயலி.
திரையில் ஒரு கோடு
கத்திப்பாரா பாலம் மாதிரி ஏறுகிறது.
இறங்குகிற பக்கத்தைப் படத்தில் வெட்டியிருந்தான்.
பொய் என்று சொல்ல மாட்டேன்.
பாலத்தில் ஏறுகிறவனுக்கு
முன்சக்கரம்தானே தெரியும்.

மூன்றாவது தேவசகாயம்.
மைக்கை, கடைந்து முடித்த ஷாஃப்ட் போல
விரலால் உருட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.
ரெண்டு லேத். வாடகை ஷெட்.
பதினைந்தில் வெள்ளம், மோட்டாருக்குள் மீன்குஞ்சு.
இப்போது பதினோரு மெஷின், மூணு ஷிப்டு.
அவ்வளவுதான். நாலு நிமிஷம்.
பத்து நிமிஷம் கொடுத்திருந்தார்கள்.

அவர் சொல்லாதது
என் கடன்கொடுத்தோர் பட்டியலில் பதினேழாவது வரி:
கோ. மாசிலாமணி, கூலி பாக்கி, 18,400.

வெள்ளத்துக்கு அடுத்த மாதம் கொடுக்க வேண்டியது.
கொடுக்கப் பணமில்லை அப்போது.
பணம் வந்தபோது ஆளில்லை.
கூவம் ஓரத்து வீட்டை இடித்துப்
பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்றார்கள்.
எட்டு மாடி, எண்ணற்ற கதவு.
இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்த் தட்டினாராம்.
மூன்று மாசிலாமணி கிடைத்தார்கள்,
ஒருவருக்கும் லேத் தெரியாது.

ஒவ்வொரு மார்ச்சிலும் ஆடிட்டர் கத்துவார்:
“செத்த பாக்கி. வருமானத்துல போட்டு முடிச்சிடும்மா.”
ஒவ்வொரு மார்ச்சிலும் நான் போன் செய்வேன்.
அந்தப் பக்கம் மெஷின் ஓடும் சத்தம்,
அதற்குள்ளிருந்து அவர் குரல்:
“வேணாம்மா. இருக்கட்டும்.”

கோடிகளுக்கு நடுவே
அந்த எண் மட்டும் வட்டியில்லாமல், வளராமல்,
முன்கொணர்ந்தது, முன்கொணர்ந்தது என்று
என் கையெழுத்தில் வயதாகிக்கொண்டிருக்கிறது.

கேள்வி நேரம்.
டிப்ளமோ பையன் ஒருவன் எழுந்தான்:
“சார், உங்க வெற்றியோட ரகசியம்?”
அவர் கூட்டத்தைத் துழாவி என்னைப் பிடித்தார்.
“எனக்கு என்னப்பா தெரியும்.
கணக்கு எழுதுற அம்மா அதோ இருக்காங்க,
கேட்டுக்கோ.”
நாற்காலிகள் எல்லாம் திரும்பின.

எழுந்தேன்.
பதினேழு என்று சொல்ல வாய் வந்தது.
அது அவருடைய வரி. 
“சார் பில்லைத் தொலைக்க மாட்டாரு” என்றேன்.
சிரித்தார்கள். போண்டா வந்தது.

கீழே, பைக் ஸ்டாண்டில்,
ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கேட்டார்:
“மாசி பேரு இருக்கில்ல, இந்த வருஷமும்?”
“இருக்கு சார்.”
“நம்பரை மாத்திடாதம்மா.
புது சப்ளையர் யார் வந்தாலும் கீழ போடு.”

பட்டரவாக்கம் பக்கம் மின்சார ரயில் போகும்வரை
கேட்டருகே நின்றார்.
பிறகு உதைத்தார்,
மூன்றாவது உதையில் கிளம்பியது.